சுவரும் சோறும்: கொம்பனித்தெருவின் கலை பற்றிச் சில சிந்தனைகள்

நகரத்துச் சுவர்களில் வரையப்படும் சித்திரங்களைப் பற்றி நம்மவரிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. சுவர் அழகாயிற்று, ஊர் துப்புரவாயிற்று என்று மகிழ்வோர் ஒரு சாரார். இது பெயர்ப்பலகைக்காரன் வேலை, இதனைக் கலையென்று எடுத்து ஆராய்வது வீண் என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். அவர்கள் பார்ப்பது சுவரை மட்டுமே. சுவருக்கு முன்னால் நின்று தேநீர் குடிப்பவனும், சுவருக்குப் பின்னால் அடுப்பு மூட்டுபவளும் அவர்களது பார்வையில் விழுவதில்லை. ஒரு தெருவின் சித்திரத்தை அத்தெருவின் சோற்றிலிருந்து பிரித்தெடுத்து மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சோறு என்று நாம் இங்கே குறிப்பது உண்ணும் பொருளை மட்டுமன்று. அதனை ஆக்கும் உழைப்பு, விற்கும் இடம், வாங்கும் சக்தி ஆகிய அனைத்தையும் சேர்த்தே குறிக்கின்றோம்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கொழும்பின் கொம்பனித்தெருவை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. பேர வாவியின் ஓரத்தில், காலிமுகத் திடலுக்கு நடந்து செல்லக்கூடிய தொலைவில் அமைந்த பகுதி அது. ஒல்லாந்தர் தம் அடிமைகளைத் தங்கவைத்த இடமாதலால் ஆங்கிலத்தில் அதற்கு ‘அடிமைத் தீவு’ எனப் பொருள்படும் பெயர் வந்தது. அங்கே வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் கொம்பனித்தெரு என்றனர். சிங்களவர் கொம்பஞ்ஞ வீதிய என்றனர். கொம்பனி என்பதும் ஆண்டவர்களின் சொல்லேயாயினும், வாழ்ந்தவர்கள் தமது இடத்துக்கு அடிமையின் பெயரை ஏற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அப்பகுதியின் வீதிப் பெயர்களே ஒரு சமூக வரலாறு. மலாய் வீதி, ரைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்பன, அந்நியர் தம் படைகளில் சேர்த்துக்கொண்ட மலாயரையும் 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் படைப்பிரிவையும் நினைவூட்டுகின்றன. 1786ஆம் ஆண்டு, ஒல்லாந்தர் காலத்திலேயே, மலாய் மக்கள் அமைத்த வேகந்தைப் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. மணிமேகலை படித்தவனுக்குச் சாவகம் புதிய பெயரன்று. அமுதசுரபியைக் கையிலேந்தி ஊரின் பசி தீர்த்த ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்த நாடு அது. சாவகத்தின் பெயர் தாங்கிய கொழும்பு ஒழுங்கையொன்றிலே பசியைப் பற்றியும் கலையைப் பற்றியும் ஒருங்கே சிந்திப்பது தமிழ் மாணவன் எவனுக்கும் இயல்பானதே.

காலையில் இப்பகுதிக் கடைகளில் இடியப்பமும் பிட்டும் சம்பலும் பருப்பும் விற்பனையாகின்றன. பிட்டுக்குப் பாபத் எனப்படும் குடற்கறி துணையாகிறது. பாபத் மலாய்ச் சொல்; பிட்டு நம்முடையது; இரண்டும் சேர்ந்த உணவு எவருடையது என்று கேட்பவனைக் கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார். மத்தியானம் சோற்றுப் பார்சல். அந்திப்பொழுதில் சூடேறிய தட்டின்மேல் இரண்டு தகடுகள் தாளமிட்டுக் கொத்துரொட்டி கொத்தும் ஓசை. நோன்பு காலத்தில் கஞ்சி. பெருநாளில், மலாயர் வழி வந்ததென்று பொதுவாகக் கருதப்படும் வட்டலப்பம். இவ்வுணவுகளைச் சுவைத்து எழுதுவோர் இன்று பலர். ஆனால் இடியப்பம் கடையில் பிறப்பதில்லை. விடியுமுன் ஏதோ ஓர் ஒழுங்கைக்குள், ஓரறை வீட்டின் வாசலில், ஒரு பெண் உரலை அழுத்துகிறாள். அவளுக்குக் கடை அண்மையில் இருப்பது அவசியம். கடைக்குத் தொழிலாளி அண்மையில் இருப்பது அவசியம். சமைக்க நேரமும் இடமும் எரிபொருளும் இல்லாத தொழிலாளிக்கு அக்கடை அவசியம். ருசி என்று நாம் புகழ்வது இம்மூவரும் கூப்பிடு தூரத்தில் வாழ்வதன் விளைவாகும்.

இனிச் சித்திரத்துக்கு வருவோம். பொதுவிடத்துச் சித்திரம் தமிழருக்குப் புதிதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைக் காட்டுகிறது. அங்கே வந்தவர்கள் ஓவியங்களைச் சுட்டி, இவர் யார், இவள் யார் என்று கேட்கின்றனர்; உடன் வந்தவர்கள் இவன் காமன், இவள் இரதி என்று விளக்குகின்றனர். பார்ப்பவர் கேட்பதும் அறிந்தவர் சொல்வதும் சேர்ந்தே அங்கு ஓவியம் நிறைவு பெறுகிறது. மதுரைக்காஞ்சியின் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் தின்பண்டம் விற்போரும் கொடிகளும் சனத்திரளும் ஒரே வருணனைக்குள் வருகின்றனர். கண்ணுக்கு விருந்து ஒரு தெருவிலும் வயிற்றுக்கு விருந்து மறு தெருவிலும் என்று அப்புலவர் பிரிக்கவில்லை.

நமது நாட்டின் இன்றைய மக்கள் வழக்கிலும் இதே ஒருமை நிலவுகிறது. வெசாக் காலத்தில் கொழும்பு வீதிகளில் எழும் தோரணங்களை நோக்குக. புத்த ஜாதகக் கதையொன்று படம் படமாக, மின்விளக்குகளின் நடுவே வரையப்பட்டு நிற்கும். கதையை ஒருவர் பாடிச் சொல்வார். அருகிலேயே தன்சல, யாராயினும் வரிசையில் நின்று உண்ணலாம். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கிச் செல்லுகையில், அலங்காரம் பார்க்க நிற்பவனுக்குத் தண்ணீர்ப் பந்தல் தாகம் தீர்க்கிறது. இவற்றின் சமய நோக்கம் ஒருபுறமிருக்க, பார்க்க வந்தவனுக்குப் பசியும் உண்டு என்று அறிந்த கலைமரபு இது. நமது விமர்சகர்கள் இம்மரபை நாட்டார் வழக்கு என்று பெயரிட்டு ஓர் அலமாரியில் பூட்டிவிட்டனர்.

நாளாந்த வாழ்வில் இம்மரபைச் சுமந்தவர் எழுத்து வரைபவர். சாப்பாட்டுக் கடையின் பெயரைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுதி, ஓரத்தில் கோழியொன்றையோ தேநீர்க் கிண்ணமொன்றையோ வரைந்து, விலையை வெண்ணிறத்தில் இட்டவர் அவர். சினிமாக் கொட்டகையின் துணிப்பதாகையை வரைந்த கையும் அத்தகைய கைதான். அவரது கோழி உயிர்க்கோழியைப் போல் இராது. ஆயினும் பசித்தவன் அதைக் கண்டு உள்ளே நுழைவான். மூன்று எழுத்துக்களையும் ஒரே கை எழுதும்போது அவை ஒன்றின் வளைவை மற்றொன்று பெறும். அச்சிட்ட பிளாஸ்டிக் பதாகை மலிவாக வந்தபின் இக்கைத்தொழில் பெரும்பாலும் நலிந்துவிட்டது. அதைப் பற்றி நம் சஞ்சிகைகளில் ஓர் இரங்கற் குறிப்பேனும் வெளிவந்ததுண்டா? கவிஞன் இறந்தால் சிறப்பிதழ் வெளியிடும் நாம், ஒரு தலைமுறையின் கண்ணுக்கு எழுத்தழகைப் பழக்கியவனைப் பெயரில்லாமலே போகவிட்டோம்.

இந்நிலையிலேதான் ‘அழகுபடுத்தல்’ என்னும் சொல் நமது நகர வாழ்வில் நுழைந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இருந்த வீடுகள் பொலிசாரினதும் படையினரதும் காவலுடன் இடித்துத் தள்ளப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் ஜாவா ஒழுங்கையினரும் அயல் ஒழுங்கையினரும் தத்தம் வாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. கொழும்பின் வறிய மக்களுள் பலர் உயர்மாடிக் குடியிருப்புகளில் ஏறக்குறைய 400 சதுர அடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பலரிடம் அவ்வீடுகளுக்கும் தவணைப் பணம் கேட்கப்பட்டது. அதே காலத்தில் நடைபாதைகளுக்குக் கல் பதிக்கப்பட்டது, வாவிக்கரை சீரமைக்கப்பட்டது, மதில்கள் அகற்றப்பட்டன. நடைபாதை நல்லதே, அதனை எவரும் குறைகூறார். ஆனால் பன்னிரண்டாம் மாடிக்குச் சென்ற இடியப்பக்காரியின் கடை எங்கே? அவளிடம் வாங்கிய கடைக்காரர் எங்கே? அவர்களைத் தனித்தனியே வெவ்வேறு இடத்தில் குடியமர்த்தியபோது மூன்று குடும்பங்களின் வருமானமும் ஓர் உணவு மரபும் ஒருங்கே முறிந்தன. திட்டம் தீட்டியோர் வீடுகளை எண்ணினர். வீடுகளுக்கிடையே இருந்த உறவு அவர்களது எண்ணிக்கையில் அடங்கவில்லை.

இப்பின்னணியை மனத்திற்கொண்டு, 2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலை அடுத்து நாடெங்கும் பரவிய சுவர்ச் சித்திர அலையை நோக்குதல் வேண்டும். இளைஞர்கள் தாமாகவே தூரிகை எடுத்துப் பழைய சுவரொட்டிகளைச் சுரண்டி வண்ணம் பூசினர். வடக்கிலும் அவ்வலை வீசியது. அவ்விளைஞரின் உற்சாகத்தை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. பொதுச் சுவர் எமக்கும் உரியது என்று ஓர் இளந்தலைமுறை எண்ணியது நல்ல அறிகுறியே. எனினும் அவர்கள் வரைந்தவற்றை விமர்சன நோக்கில் பார்க்கும்போது மூன்று குறைகள் தென்படுகின்றன.

முதலாவது, உள்ளடக்கம். மன்னர், இராவணன், குளமும் தாகபையும், துப்பாக்கி ஏந்திய வீரர், யானை, சூரிய அஸ்தமனம் என்பன மீண்டும் மீண்டும் வந்தன. சந்தை, பேருந்துத் தரிப்பிடம், சோற்றுப் பார்சல் சுமப்பவன், தையல் இயந்திரத்தின் முன் இருப்பவள் ஆகியோர் அருமையாகவே இடம்பெற்றனர். சித்திரம் வரையப்பட்ட தெருவில் வசிப்பவன் அச்சித்திரத்தில் இல்லை. இரண்டாவது, உருவம். அவற்றிற் பெரும்பாலானவை பாடநூற் படத்தையும் திரைப்பட விளம்பரத்தையும் பெருப்பித்தவையே. சுவரின் விரிசலும் சாளரமும் தண்ணீர்க் குழாயும் ஓவியனுக்குத் தடையாகத் தோன்றினவே தவிர, கருவியாகத் தோன்றவில்லை. எந்த ஊர்ச் சுவருக்கும் பொருந்தும் படம் எந்த ஊரையும் பேசுவதில்லை. மூன்றாவது, உறவு. பரங்குன்றத்தில் இவர் யார் என்று கேட்க இடமிருந்தது. விடை முன்கூட்டியே எழுதப்பட்ட சித்திரத்தின் முன்னால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அதனருகே நின்று படம் பிடித்துக்கொள்ளலாம். எழுச்சிப் பெருமிதம் அதில் உண்டு, அறிமுகம் இல்லை. சிறுபான்மையோனாகிய வழிப்போக்கன் அப்பெருமிதத்துள் தன் இடம் யாது என்று மனத்துள் கேட்டுக்கொண்டே நடந்தான்.

அழகுபடுத்தலின் மறுபக்கத்தைக் கலையாலேயே விசாரித்தவர்களும் இந்நாட்டில் உள்ளனர். யுத்த காலத்தில் கொழும்பின் சோதனைச் சாவடிகளில் நிறைந்து கிடந்த பீப்பாய்களையே தமது கலையின் குறியீடாக்கி 1997இல் ‘பீப்பாயியம்’ எனத்தக்க ஒரு முறையை வகுத்தவர் சந்திரகுப்த தேனுவர. அவ்வாண்டு தொடங்கி ஜூலை மாதந்தோறும் 1983இன் வன்செயலை நினைவுகூர்ந்து அவர் கண்காட்சி நடத்திவந்துள்ளார். வீதியில் எல்லோரும் கண்டும் காணாததுபோற் கடந்த ஒரு பொருளைப் பார்க்கச் செய்ததே அவரது சாதனை. அலங்காரத்துக்கும் கலைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க என் மாணவருக்கு நான் காட்டும் உதாரணம் இதுவே. அலங்காரம் ஒன்றை மறைக்கப் பூசப்படுவது. கலை மறைந்திருந்த ஒன்றைக் கண்முன் நிறுத்துகிறது.

1983 என்றதும் கொம்பனித்தெருவின் ரியோ படமாளிகை நினைவுக்கு வருகிறது. தமிழ்க் குடும்பமொன்றுக்குச் சொந்தமாக, 1965இல் திறக்கப்பட்டு, அகன்ற திரையால் நகரத்தைக் கவர்ந்த அம்மாளிகை, 1983 ஜூலையில் எரியூட்டப்பட்டது. நெடுங்காலம் அதன் கருகிய கட்டடத் தொகுதி அப்படியே நின்றது. 2019 ஜனவரியில் கொலம்போஸ்கோப் கலைவிழா அங்கு நடைபெற்றது. சிதைந்த கட்டடத்தில் கலையைக் கொண்டுசென்று வைத்தமை துணிவான செயலென்றே கூறவேண்டும். அடைக்கப்பட்டிருந்த நினைவு அதனாற் சற்றே திறந்தது. ஆயினும் எச்சரிக்கையொன்றும் தேவைப்படுகிறது. கரிபடிந்த சுவருக்குத் தனியான ஒரு கவர்ச்சி உண்டு. அக்கவர்ச்சியில் இலயித்தவன், எரித்தவர் யார், எரிந்தபின் அயலவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற கேள்விகளைத் தவறவிடக்கூடும். சிதைவை அழகென்று இரசிப்பது, அச்சிதைவின் பக்கத்தில் வாழ வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவர்க்கே எளிது.

அப்பக்கத்தில் வாழ்பவர்களிடமிருந்தே எழுந்த முயற்சி ஒன்றை இங்குக் குறிப்பிடல் வேண்டும். 2018இல் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஓவியர் பிரி ரஹ்மான் வேறு சில கலைஞருடன் சேர்ந்து, ‘நாங்கள் இங்கிருந்து வந்தவர்கள்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு கலைத்திட்டத்தை ஆரம்பித்தார். விரைவாக மாறிவரும் தம் பகுதியையும் அதன் மனிதரையும் பதிவு செய்வதும், அப்பகுதியைப் பற்றி வெளியார் கொண்டுள்ள தப்பபிப்பிராயங்களை எதிர்ப்பதும் அதன் நோக்கங்கள். குற்றமும் அழுக்கும் நிறைந்த இடம் என்று வெளியே பெயர் வாங்கிய ஒரு பகுதி, தன் முகத்தைத் தானே வரைந்துகொள்ளத் தொடங்கியது என்பதே இதன் முக்கியத்துவம். அங்கே மன்னர் தேவைப்படவில்லை. அயலவனே பொருளாகப் போதுமானவனாக இருந்தான். நமது முற்போக்கு இலக்கியம் மண்வாசனை என்று கோரியது எதுவோ, அதுவே இங்கு வண்ணத்தில் வெளிப்பட்டது. ஆனால் நமது மண்வாசனை பெரும்பாலும் பனங்கூடல்களிலும் வயல்வெளிகளிலும் தேயிலைச் சரிவுகளிலும் நின்றுவிட்டது. தலைநகரின் ஒழுங்கைக்கும் ஒரு மண் உண்டு, அதற்கும் ஒரு வாசனை உண்டு என்பதை நாம் போதிய அளவு எழுதவில்லை. ஓவியர் நம்மை முந்திக்கொண்டனர்.

இம்முயற்சிக்கும் ஓர் இடர் உண்டு. சித்திரம் நிறைந்த ஒழுங்கை பார்வையாளரை ஈர்க்கும். பார்வையாளர் வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய நிலத்தில் சித்திரத்துக்கு முகம் கொடுத்தவனாற் குடியிருக்க முடியாமற் போகும். உலகின் பல நகரங்கள் இதனை அனுபவித்துள்ளன. இப்போதே இப்பகுதியைச் சுற்றி வானளாவிய மாளிகைகளும் ஆடம்பர விடுதிகளும் எழுந்துவிட்டன. இதற்கான குற்றம் ஓவியனுடையதன்று. நிலம் யாருக்கு என்ற கேள்விக்குத் தூரிகை மட்டும் விடையளிக்க முடியாது. அவ்விடையைத் தூரிகையிடம் எதிர்பார்த்து ஏமாறுவதும், அது கிடைக்கவில்லையென்று தூரிகையைப் பழிப்பதும் தவறு.

சுவரும் சோறும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்தவை என்பதை 2022 நமக்குக் கற்பித்தது. எரிவாயு இன்றிச் சாப்பாட்டுக் கடைகள் அடைபட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அதாவது ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. கடையின் விலைப்பலகையே அப்போது நகரத்தின் மிகக் கொடிய சுவரெழுத்தாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத் திடலில் தொடங்கிய போராட்டக் களத்தில் கூடாரங்களிடையே ஓவியமும் கேலிச்சித்திரமும் பதாகையும் எழுந்தன. அங்கேயே சோறும் தண்ணீரும் பகிரப்பட்டன. 2019இன் சுவர்களில் மன்னரைக் கண்ட அதே நகரம், மூன்று ஆண்டுகள் கழியுமுன், வெற்றுச் சட்டியையும் எரிபொருள் வரிசையையும் தன் பொருளாக்கிக்கொண்டது. கைகளிற் சில அவையேயாகவும் இருக்கலாம். பசி வந்தபோது உள்ளடக்கம் மாறியது. உள்ளடக்கம் மாறியபோது உருவமும் கூர்மை பெற்றது. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று வாதிடுவோர் இதனை ஊன்றி நோக்குவாராக.

நம் அணியைச் சேர்ந்தவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சுவரில் கோஷம் எழுதிவிட்டால் அது மக்கள் கலையாகிவிடும் என்று நம்முட் சிலர் கருதுகின்றனர். கோஷத்துக்கு அதற்குரிய வேளையும் வேலையும் உண்டு. எனினும் தேநீர்க்கடையின் கோழிப் படத்தில் இருக்கும் உயிர்த்துடிப்பு பல கோஷங்களில் இல்லை. ஏனெனில் கோழி வரைந்தவன் தன் பார்வையாளனை அறிந்திருந்தான், அவனுடன் ஒரே வாங்கில் இருந்து உண்டிருந்தான். மக்களைப் பற்றி எழுதுவதற்கும் மக்களிடையே இருந்து எழுதுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஆகவே ஒரு சுவர்ச் சித்திரத்தை மதிப்பிட முற்படும் விமர்சகன், வண்ணத்தையும் கோட்டையும் ஆராயுமுன் சில எளிய கேள்விகளைக் கேட்கவேண்டும். இச்சுவர் யாருடையது? இதற்கு முன் இங்கே என்ன இருந்தது? சித்திரத்தில் உள்ள முகம் இத்தெருவில் வாழ்கிறதா? அம்முகத்துக்குரியவன் நாளையும் இங்கே உண்பானா? இக்கேள்விகளுக்குப் பின் கோட்டையும் வண்ணத்தையும் எவ்வளவு நுட்பமாகவும் ஆராயலாம், ஆராயவும் வேண்டும். அதனோடு, கைவிடப்பட்ட பெயர்ப்பலகைகளைத் தேடிப் படமெடுத்து, எழுதியவர்களின் பெயர்களைக் கேட்டறிந்து பதிவு செய்யும் வேலை நம்முன் கிடக்கிறது. பல்கலைக்கழகங்கள் செய்யும்வரை காத்திராமல் பாடசாலை மாணவரைக் கொண்டே இதைத் தொடங்கலாம். பழைய ஏடுகளைத் தேடி ஊரூராக அலைந்த சமூகத்துக்கு இது இயலாத காரியமன்று. அன்று செல்லும், இன்று புல்டோசரும் நமக்கு அவகாசம் தருவதாயில்லை.